நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்று

(பொறியியல் மாணவர்களும் ஆசிரியர்களும் நிறைந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

இன்றைய பேச்சின் பொருள் ஓர் எஞ்சின். ஒரே ஓர் எஞ்சின். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரில் உள்ள காஸ்வொர்த் நிறுவனம், கார்டன் மர்ரி வடிவமைத்த டி.50 என்ற காருக்காக உருவாக்கிய வி12 பெட்ரோல் எஞ்சின். அந்தக் கார் 2020 ஆகஸ்டில் உலகுக்கு அறிமுகமானது. மொத்தமே நூறு கார்கள்தான். எஞ்சினின் கொள்ளளவு 3,994 சி.சி. எடை 178 கிலோ. திறன் 654 குதிரை. டர்போ கிடையாது. சுற்றும் வேகத்தின் உச்ச வரம்பு நிமிடத்துக்கு 12,100.

பன்னிரண்டாயிரத்து நூறு! நம் தெருவில் ஓடும் பெட்ரோல் கார்களின் மீட்டரைப் பாருங்கள். ஆறாயிரம், ஆறாயிரத்து ஐந்நூறு என்ற இடத்திலேயே சிவப்புக் கோடு தொடங்கிவிடும். இந்த எஞ்சின் அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சுற்றுகிறது. பந்தயத் தடத்தில் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டுப் பிரித்துப் போடப்படும் எஞ்சின் அல்ல இது. நம்பர் பிளேட் மாட்டி, புகைச் சோதனையில் தேறி, போக்குவரத்து நெரிசலில் நின்று நகர்ந்து செல்ல வேண்டிய எஞ்சின்.

எதற்காக இவ்வளவு சுற்ற வேண்டும்? சுற்றினால் என்ன கிடைக்கிறது? அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது? இந்த மூன்று கேள்விகளும் நம்மை எஞ்சினின் ஆழத்துக்கே அழைத்துச் செல்லும்.

முதலில் காற்று. எஞ்சினின் பலம் பெட்ரோலில் இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெட்ரோலை உள்ளே அனுப்புவது எளிது; ஒரு பம்பும் நுண்துளைகள் கொண்ட இன்ஜெக்டரும் போதும். காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கனஅளவில் பார்த்தால் அது பன்னிரண்டு லிட்டர். அந்தக் காற்றை உள்ளே தள்ள, இயற்கை தருவது வளிமண்டல அழுத்தம் மட்டுமே. ஆகவே எஞ்சின் வடிவமைப்பாளர் எவரும் காலையில் எழுந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் காற்று எங்கிருந்து வரும்?

வழிகள் மூன்று. சிலிண்டரைப் பெரிதாக்கலாம், எஞ்சின் கனக்கும், கார் கனக்கும். வெளியிலிருந்து அழுத்தித் திணிக்கலாம், அதுதான் டர்போ. அல்லது அதே சிலிண்டரை ஒரு நிமிடத்தில் அதிக முறை நிரப்பலாம், அதுதான் சுற்று. திறன் என்பது முறுக்குவிசையைச் சுற்றுவேகத்தால் பெருக்கி வருவது. விசை உயராவிட்டால் என்ன, சுற்று உயரட்டும் என்பது மூன்றாவது வழி.

இரண்டாவது வழியின் உச்சத்தைப் பார்க்க ஜெர்மனியின் அஃபல்டர்பாக் ஊருக்குப் போக வேண்டும். 2019-ல் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி வெளியிட்ட எம்139 எஞ்சின் அங்கேதான் பூட்டப்படுகிறது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரே ஓர் எஞ்சினைப் பூட்டி, தன் கையெழுத்துத் தகட்டை அதன்மேல் பதிக்கும் வழக்கம் அங்கே உண்டு. நான்கு சிலிண்டர், 1,991 சி.சி., 421 குதிரைத்திறன். லிட்டருக்கு இருநூறைத் தாண்டுகிறது! டர்போவின் விசிறி நிமிடத்துக்கு 1,69,000 சுற்று வரை போகும். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 2.1 பார் அழுத்தத்தில் காற்று திணிக்கப்படுகிறது.

கணக்குக்கு இது மிகச் சிறந்த வழி. சிறிய எஞ்சின், பெரிய திறன். ஆனால் திணித்த காற்று சூடாகும். சூடான கலவை ஸ்பார்க் வருவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளப் பார்க்கும். அல்லது ஸ்பார்க் கொளுத்திய தீ வந்து சேருமுன் மூலையில் கிடக்கும் கலவை வெடிக்கும். நாக்கிங் என்று நம் மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். அதனால் அழுத்த விகிதத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். எம்139-ல் அது 9-க்கு 1. டி.50 எஞ்சினில் 14-க்கு 1. இன்னொன்றும் உண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் புகை பெருக வேண்டும், புகை விசிறியைச் சுழற்ற வேண்டும், விசிறி காற்றைத் தள்ள வேண்டும். அதன் பிறகே பலம் வரும். இந்தத் தாமதத்தை இன்றைய பொறியாளர்கள் மிகமிகக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் அடியோடு ஒழிக்கவில்லை.

கார்டன் மர்ரி அந்தத் தாமதத்தை ஏற்க மறுத்தார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து, பிரபம் அணிக்கும் மெக்லாரன் அணிக்கும் ஃபார்முலா 1 கார்களை வரைந்து, பிறகு மெக்லாரன் எஃப்1 என்ற சாலைக் காரைப் படைத்தவர் அவர். கால் அசைந்த கணமே எஞ்சின் பதில் சொல்ல வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஆகவே மூன்றாவது வழி. ஆகவே சுற்று.

இப்போது விலைக்கு வருவோம்.

இந்த எஞ்சினில் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 63.8 மில்லிமீட்டர். உங்கள் ஆள்காட்டி விரலின் நீளம்கூட இல்லை. 12,100 சுற்றில் அந்தப் பிஸ்டன் இந்தத் தூரத்தை ஒரு நொடியில் நானூறு முறைக்கு மேல் கடக்கிறது. சராசரி வேகம் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டருக்கும் அதிகம். வேகம்கூடப் பெரிதில்லை. நானூறு முறையும் அது முழுதாக நின்று, திரும்பி, மறுபடி பாய வேண்டும். அந்தத் திருப்பத்தில் பிஸ்டன் உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஐயாயிரம் மடங்கைத் தாண்டுகிறது.

கவணில் கல்லை வைத்துச் சுழற்றியவருக்கு இது கையாலேயே தெரியும்: வேகத்தை இரண்டு மடங்காக்கினால் கயிற்றின் இழுப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. பிஸ்டனும் பின்னும் வளையங்களும் சேர்ந்து 300 கிராம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 6,000 சுற்றில் அது கனெக்டிங் ராடை இழுக்கும் விசை 400 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 12,100 சுற்றிலோ ஒன்றரை டன். முந்நூறு கிராம் பொருள், ஒன்றரை டன் இழுப்பு!

எப்போது இந்த இழுப்பு மிகக் கொடியது தெரியுமா? வெடிப்பின்போது அல்ல. புகையை வெளியேற்றிவிட்டுப் பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில். அப்போது சிலிண்டருக்குள் எதிர்த்துத் தாங்க அழுத்தமே இருக்காது. பிஸ்டன் ஹெட்டை நோக்கிப் பறக்கப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது கனெக்டிங் ராட் மட்டும்தான். அதிவேக எஞ்சின்களில் ராட் அறுவது பெரும்பாலும் பலத்தைக் கொடுக்கும் வீச்சில் அல்ல, இந்த வெற்று வீச்சில்தான்.

ஆகவே ஒவ்வொரு கிராமும் எதிரி. ராடுகள் டைட்டேனியம், வால்வுகள் டைட்டேனியம். எஃகின் எடையில் அறுபது சதவீதத்துக்கும் குறைவு அந்த உலோகம். கிராங்க் ஷாஃப்ட் மட்டும் எஃகு. அதன் எடை வெறும் 13 கிலோ. இவ்வளவு இலேசான உறுப்புகள் சேர்ந்ததால், மிதித்தால் எஞ்சினின் நிமிடச் சுற்றுவேகம் நொடிக்கு 28,000 என்ற வீதத்தில் ஏறுகிறது. மர்ரி கேட்ட பதில் அதுதான்.

ஏன் பன்னிரண்டு சிலிண்டர்? ஆடம்பரத்துக்காகவா? இல்லை. இதே நான்கு லிட்டரை நான்கே சிலிண்டரில் அடைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விட்டமும் வீச்சும் அதே விகிதத்தில் வளர்ந்தால் வீச்சு 92 மில்லிமீட்டர் ஆகும். பிஸ்டன் வேகம் இதே அளவில் நிற்க வேண்டுமென்றால் சுற்று 8,400-ஐத் தாண்ட முடியாது. பிஸ்டன்களும் மூன்று மடங்கு கனக்கும். சிறியதாகப் பிரித்தால் வேகமாக ஓடலாம். மேலும், வி12 என்பது பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஆறு சிலிண்டர் வரிசைகள். ஆறு பிஸ்டன்கள் ஒரே வரிசையில் நின்றால் அவற்றின் அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த அமைதி இரு பக்கமும் கிடைக்கிறது. இதற்கும் விலை உண்டு: நாற்பத்தெட்டு வால்வு, நான்கு கேம்ஷாஃப்ட், கூடுதல் உராய்வு. கடைக்குப் போய்வரும் காருக்கு இது வீண் செலவு. அதற்கு மூன்று சிலிண்டரே மேல்.

எடையைக் குறைப்பது என்றால் எவ்வளவு உழைப்பு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இதே காஸ்வொர்த் ஆஸ்டன் மார்ட்டின் வால்கிரி காருக்காக 6.5 லிட்டர் வி12 ஒன்றைச் செய்தது. 10,500 சுற்றில் ஆயிரம் குதிரைத்திறன் தரும் எஞ்சின் அது. அதன் கிராங்க் ஷாஃப்ட் 170 மில்லிமீட்டர் விட்டமும் 775 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட திண்ணிய எஃகு உருளையாகத்தான் பிறக்கிறது. முதலில் கடைகிறார்கள். சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். மறுபடி கடைகிறார்கள். மறுபடி பதப்படுத்துகிறார்கள். பிறகு அரைப்பு, பிறகு மெருகு. வேலை முடிய ஆறு மாதம்! முடிவில் அந்த உருளையில் எண்பது சதவீதம் சுருளாகவும் தூளாகவும் போயிருக்கும். மிஞ்சிய இருபது சதவீதம்தான் கிராங்க். ஆஸ்டன் மார்ட்டினின் முந்தைய ஒன்-77 காரில் இருந்த வி12 கிராங்கின் எடையில் அது பாதிதான். ஒரு பொருளைச் செய்வதில் எதை நீக்குவது என்று தெரிந்திருப்பதே பெரிய வித்தை என்று தோன்றுகிறது.

இந்த வித்தை காஸ்வொர்த்துக்கு எங்கிருந்து வந்தது? 1958-ல் மைக் காஸ்டின், கீத் டக்வொர்த் என்ற இரு பொறியாளர்கள் தொடங்கிய நிறுவனம் அது. ஃபோர்டு நிறுவனம் ஒரு லட்சம் பவுண்டு கொடுக்க, டக்வொர்த் டிஎஃப்வி என்ற மூன்று லிட்டர் வி8 எஞ்சினை வரைந்தார். 1967 ஜூன் 4. நெதர்லாந்தின் ஸான்ட்வோர்ட் தடம். லோட்டஸ் 49 காரில் அந்த எஞ்சினுக்கு அதுவே முதல் பந்தயம். கிரஹாம் ஹில் முதலிடத்தில் இருந்து புறப்பட்டார். சில சுற்றுகளிலேயே நின்றுபோனார். அதே எஞ்சின் பூட்டிய இன்னொரு காரில் ஜிம் கிளார்க் வென்றார். முதல் பந்தயத்திலேயே வெற்றி! அடுத்த பதினாறு ஆண்டுகளில் அந்த எஞ்சினும் அதன் வழிவந்தவையும் 155 கிராண்ப்ரி பந்தயங்களை வென்றன.

ஆனால் பொறியாளருக்குப் பாடம் கிளார்க்கின் வெற்றியில் இல்லை, ஹில்லின் தோல்வியில் இருக்கிறது. அவர் காரில் கேம்ஷாஃப்டைச் சுழற்றும் பல்சக்கரத்தின் பற்கள் உடைந்திருந்தன. ஏன்? கேம்ஷாஃப்ட் ஒரே சீராகச் சுழல்வதில்லை. வால்வைத் திறக்கும்போது ஸ்பிரிங் அதைத் தடுக்கிறது. மூடும்போது அதே ஸ்பிரிங் அதை முன்னே தள்ளுகிறது. இந்த இழுபறி பற்களில் இறங்குகிறது. அந்த விசை தாளில் போட்ட கணக்கைவிடப் பன்மடங்கு பெரிது என்பதை டக்வொர்த் பிறகுதான் கண்டறிந்தார். பல்லைத் தடிமனாக்குவது எளிய வழி. அவர் அதைச் செய்யவில்லை. பல்சக்கரத்தின் மையத்துக்குள் மெல்லிய முறுக்குத் தண்டுகளை வைத்து, சற்றே வளைந்துகொடுக்கும்படி செய்தார். அதிர்ச்சியை அந்தத் தண்டுகள் விழுங்கிக்கொண்டன, பற்கள் பிழைத்தன.

டி.50 எஞ்சினிலும் கேம்ஷாஃப்டை ஓட்டுவது பல்சக்கரம்தான். செயின் பன்னிரண்டாயிரம் சுற்றில் துள்ளும், நீளும். வால்வு திறக்கும் நேரம் பிசகும். வால்வு மூடத் தாமதமானால் பிஸ்டன் வந்து மோதும். அந்த ஒரு மோதலோடு எஞ்சின் முடிந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு தொடர்பு இருக்கிறது, சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2006-ல் காஸ்வொர்த்தின் 2.4 லிட்டர் வி8 எஞ்சின் ஃபார்முலா 1 பந்தயத்தில் 20,000 சுற்றைத் தொட்டது. அந்த எஞ்சினின் வழித்தோன்றல்களைத்தான், விதிகள் சுற்றை 18,000-ஆகக் கட்டுப்படுத்திய பிறகு, எச்.ஆர்.டி. அணியின் கார்களில் 2010-ல் சென்னையின் கருண் சந்தோக்கும், 2011, 2012 ஆண்டுகளில் கோவையின் நரேன் கார்த்திகேயனும் ஓட்டினார்கள்.

இனி தீக்கு வருவோம். இந்த எஞ்சினில் வியப்பு மிகுந்த இடம் இதுதான்.

பெட்ரோலும் காற்றும் கலந்து அசையாமல் இருக்கும் அறையில் தீ வைத்தால் அது எவ்வளவு வேகமாகப் பரவும்? நொடிக்கு அரை மீட்டர் அளவில்தான். நடந்து போகிறவர்கூட அதை முந்திவிடுவார். டி.50 சிலிண்டரின் விட்டம் 81.5 மில்லிமீட்டர். நடுவில் ஸ்பார்க். தீ சுவரைத் தொட நாற்பது மில்லிமீட்டர் போக வேண்டும். அந்த வேகத்தில் போனால் எண்பது மில்லி நொடி ஆகும். அதற்குள் கிராங்க் பதினாறு முறை சுற்றி முடித்திருக்கும்! எரிவதற்கு உண்மையில் கிடைக்கும் நேரமோ ஒரு மில்லி நொடி அளவுதான். அப்படியென்றால் இந்த எஞ்சின் எப்படி ஓடுகிறது?

கொந்தளிப்பால் ஓடுகிறது. காற்று நேரான பாதையில் பாய்ந்து வந்து, சிலிண்டருக்குள் உருளையாகப் புரள்கிறது. பிஸ்டன் மேலேறி அழுத்தும்போது அந்தப் புரளல் உடைந்து ஆயிரக்கணக்கான நுண்சுழல்களாகச் சிதறுகிறது. தீயின் முகத்தை அந்தச் சுழல்கள் கிழித்துச் சுருக்கி எல்லாப் பக்கமும் இழுத்துச் செல்கின்றன. பரப்பு பெருகுகிறது, எரிதல் விரைகிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்றக் காற்றும் வேகமாகப் பாய்கிறது. கொந்தளிப்பும் கூடவே பெருகுகிறது. தீயும் கூடவே விரைகிறது. இயற்கை இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்காவிட்டால் அதிவேக எஞ்சின் என்ற ஒன்றே உலகில் இருந்திருக்காது.

டக்வொர்த்தின் பெருமை இங்கேதான். அவருக்கு முன்பு பந்தய எஞ்சின்களில் வால்வுகள் அகலமாக விரிந்து நிற்கும். எரியறை பெரிய கவிகையாக இருக்கும். அழுத்தம் கூட்டப் பிஸ்டன் தலையில் திமில் வைப்பார்கள். அந்தத் திமில் தீயின் பாதையை மறைக்கும். டக்வொர்த் சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்து, அவற்றுக்கு இடையிலான கோணத்தை டிஎஃப்வி எஞ்சினில் 32 டிகிரியாகக் குறுக்கினார். எரியறை கச்சிதமானது, பிஸ்டன் தட்டையானது, காற்று புரண்டது. இன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் சாதாரணக் காரின் ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள். குறுகிய கோணத்தில் நான்கு வால்வுகள்தான் இருக்கும்.

சாலைக்கு வரும்போது சிக்கல் இன்னொரு மடங்கு கூடுகிறது. பந்தய எஞ்சினில் பிஸ்டனைக் குளிர்விக்கக் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கலாம். சாலையில் அது நடக்காது. புகைக் குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 14.7-க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டி நின்றால்தான் நஞ்சை அழிக்கும். ஆகவே எரிதலே சுத்தமாக இருக்க வேண்டும். வால்கிரி எஞ்சினுக்குக் காஸ்வொர்த் என்ன செய்தது? பன்னிரண்டு சிலிண்டரையும் வார்ப்பதற்கு முன்பு, அதில் கால் பங்கு அளவில் மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்து, புகை விதிகளைத் தாண்ட முடியுமா என்று ஓட்டிப் பார்த்தது. சட்டம் எஞ்சினைக் கெடுத்துவிட்டது என்று புலம்புவோர் உண்டு. அது சரியல்ல. துல்லியத்தைக் கட்டாயமாக்கியதே சட்டம்தான்.

அடுத்தது நெரிசல். அதிவேகத்தில் காற்றுக்கு உந்தம் அதிகம். வால்வுகள் நீண்ட நேரம் திறந்திருந்தால் நன்றாக நிரம்பும். அதே அமைப்பு ஐட்லிங்கில் எஞ்சினைத் திணற வைக்கும். புதுக்காற்று புகைக்குழாய் வழியே நழுவும். 1989-ல் ஹோண்டா இன்டெக்ரா காரில் வந்த விடெக் எஞ்சின் இதற்கு ஒரு விடை சொன்னது. மெதுவான ஓட்டத்துக்கு ஒரு கேம், வேகத்துக்கு இன்னொரு கேம். 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன் கிடைத்தது. டி.50 எஞ்சினில் வால்வு திறக்கும் நேரம் தொடர்ச்சியாக மாறிக்கொண்டே இருக்கிறது. பலன்? உச்ச முறுக்குவிசை 467 நியூட்டன் மீட்டர். அதில் 71 சதவீதம் 2,500 சுற்றிலேயே கைக்கு வந்துவிடுகிறது.

வெப்பத்தையும் ஒரு வரி பேசிவிடுவோம். உச்ச வேகத்தில் இந்த எஞ்சின் நொடிக்குச் சுமார் 400 லிட்டர் காற்றை இழுக்கிறது. அதற்கு 33 கிராம் அளவுக்குப் பெட்ரோல். அந்தப் பெட்ரோலின் வெப்பம் ஏறத்தாழ 1,400 கிலோவாட். சக்கரத்துக்கு உதவும் வேலையாக வெளிவருவது சுமார் 488 கிலோவாட். மற்றதெல்லாம் புகையிலும் தண்ணீரிலும் எண்ணெயிலும் போகிறது. எண்ணெய் அடியில் தேங்காமல் பம்புகளால் உறிஞ்சப்பட்டுத் தனித் தொட்டிக்குப் போய்விடுவதால் எஞ்சினைத் தாழ்வாக உட்கார வைக்க முடிகிறது. கிராங்கின் மையம் எஞ்சினின் அடிமட்டத்திலிருந்து 85 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது.

மின்சாரக் கார் வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2024 ஜூனில் புகாட்டி டூர்பியோன் என்ற காரை வெளியிட்டது. 2005-ல் வேரான் காரில் தொடங்கி அந்த நிறுவனத்தின் அடையாளமாக இருந்த, நான்கு டர்போ கொண்ட பதினாறு சிலிண்டர் எஞ்சினை அது கைவிட்டது. அதன் இடத்துக்கு வந்தது 8.3 லிட்டர் வி16. டர்போ கிடையாது. உருவாக்கத்தில் கைகொடுத்தது காஸ்வொர்த். எடை 252 கிலோ, உச்ச சுற்று 9,000, திறன் ஆயிரம் குதிரை. அதோடு 800 குதிரைத்திறனுக்கு மூன்று மின் மோட்டார்கள்.

டர்போவை எப்படிக் கைவிட முடிந்தது? மின் மோட்டார் இருப்பதால்! நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையை மோட்டார் தருகிறது. குறைந்த சுற்றில் எஞ்சின் பலவீனமாக இருந்தால் கவலையில்லை. அந்த இடத்தை அது நிரப்பிவிடும். எஞ்சின் மேல் சுற்றில் மூச்சுவிடுவதில் முழுக் கவனம் செலுத்தலாம். மின்சாரம் வந்து எஞ்சினை அழிக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், இந்தக் காரில் அது எஞ்சினுக்குத் துணையாக நிற்கிறது.

அந்த வி16-ன் கிராங்க் ஷாஃப்ட் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அவ்வளவு நீளத் தண்டு ஒவ்வொரு வெடிப்புக்கும் முறுக்கிக்கொண்டு விடும். முறுக்கும் வேகமும் வெடிக்கும் வேகமும் ஒத்துப்போகும் சுற்றில் அதிர்வு பெருகித் தண்டே அறுந்துவிடும். அந்தச் சுற்று எது, அதை எப்படி ஓட்டத்துக்கு வெளியே தள்ளுவது என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்ட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. கேள்வி உள்ளவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள்.